மூன்று இடத்தில் கையெழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை, ஆனாலும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் நான்தான் அதைக் கட்டிவைத்த மாதிரி என்னை முறைக்கிறாள். போனில் ஏன் குரல் ஓய்ந்து கிடக்கிறது என்று கேட்டாய், வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும், மருந்து கொடுப்பவனும் இல்லை, ஊசி போடுபவனும் இல்லை, நோயாளிக்கு நடப்பது நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற ஆள். கதவில் அறநெறி ஆலோசகர் என்று பலகை, வார்டில் எனக்குப் பெயர் கேள்விக்காரர். இரண்டு மாதம் முன்பு புற்றுநோய் வார்டில் ஒரு தையல்கார அம்மா, என் வயதுதான், புது மருந்து ஆராய்ச்சியில் சேரச் சம்மதத் தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இதில் என்ன எழுதியிருக்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். "புது மருந்து சார், எனக்குக் கொடுத்துக் குணமாக்கப் போறாங்க" என்றார். தாளில் அப்படி இல்லை. பாதிப் பேருக்குத்தான் புது மருந்து, மீதிப் பேருக்கு இப்போது கொடுக்கிற அதே மருந்து, யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்குகிற மாதிரி, அந்தப் புது மருந்து கேட்குமா என்பதே இன்னும் தெரியாது. மெதுவாக எடுத்துச் சொன்னேன். போர்வை ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே இருந்தவர், குரலைத் தாழ்த்தி, "சேரலைன்னா வெளியே அனுப்பிடுவாங்களா?" என்றார். அதுதான் விஷயம், பயத்தில் போட்ட கையெழுத்து. அனுப்ப மாட்டார்கள், இதே வைத்தியம் நடக்கும் என்றதும், "அப்போ வேணாம் சார், வீட்டுல மிஷின்ல பாதி தைச்ச துணி நிக்குது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆராய்ச்சி டாக்டர் என் அறைக்கே வந்துவிட்டார். "ஒரு ஆளைச் சேர்க்க நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா? அவங்களுக்கு இருந்த ஒரே வழியை அடைச்சிட்டீங்க" என்று மேஜையைத் தட்டினார். கெட்டவர் இல்லை, அவர் அம்மாவும் இதே நோயில் போனவர். நானும் விடவில்லை, சேராவிட்டாலும் வைத்தியம் உண்டு என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டவேண்டும் என்று ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டிக்கு எழுதிப்போட்டு ஒப்புக்கொள்ள வைத்தேன்.

தையல்கார அம்மா ஐந்தாவது வாரம் போய்விட்டார். செய்தது சரி என்று புத்திக்குத் தெரிகிறது, ஆனால் குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சேர்ந்து, சீட்டும் அவர் பக்கம் விழுந்து, மருந்தும் கேட்டிருந்தால் என்று மனசு பிடுங்குகிறது. நேற்று லிப்டில் அந்த டாக்டரும் நானும் மட்டும். நான் கை நீட்டுமுன் என் மாடிக்கான பொத்தானை அவரே அழுத்தினார். கதவு திறந்ததும், "நாளைக்கு ரெண்டு பேர் சேர வர்றாங்க, நீங்க முதல்ல பேசிடுங்க" என்றார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

உன் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் எழுது. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்படாதே, புரிகிறவரை கேள். அம்மா இப்போதே பெட்டி கட்டிவிட்டாள், வரவேண்டாம் என்றால் என்னிடம் சொல்லாதே, அவளிடமே சொல்லிக்கொள். நோய் நொடி அண்டாமல், நீண்ட ஆயுசோடு இருவரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா