ஐந்தாம் இலக்கம்

2009 ஒக்டோபர், செவ்வாய் இரவு

தன்னாமுனைக் கணபதிப்பிள்ளை ஐயா இன்று நாவற்குடா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அவருக்குக் கண் தெரியாது. கண் தெரியாதவர்கள் தொலைபேசியில் பத்திரிகை கேட்க நான் செய்த ஏற்பாட்டைத் தினமும் பாவிப்பவர். ஒன்றை அமுக்கினால் தலைப்புச் செய்தி, ஐந்தை அமுக்கினால் மரண அறிவித்தல். போன மாதம் ஐந்தை நான்தான் நிறுத்தினேன். பத்திரிகையை வாசித்துப் பதிவுசெய்யும் சுமதி அப்போதே சொன்னாள், "அண்ணா, அதைக் கேக்கிற ஆக்கள்தான் கூடுதல்."

"செத்த ஆக்களுக்குக் கம்பியூட்டரில இடமில்லை" என்றேன்.

மாங்கேணியில் ஐயாவின் தம்பி இறந்திருக்கிறார். சுனாமிக் கடல் அடித்தபோது ஒருமுறை, சண்டையில் இன்னொருமுறை என்று இடம்பெயர்ந்ததில் இருவருக்கும் தொடர்பு விட்டுப்போயிருந்தது. பிள்ளைகள் பத்திரிகையில் அறிவித்தல் போட்டிருக்கிறார்கள். ஐயாவுக்குத் தெரியவரும்போது எட்டாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது.

"ஒரு பிடி மண் போடக் கிடைக்கல்ல மனே. நான் ஒவ்வொரு நாளும் அஞ்சை அமுக்கினன். பிழையான இலக்கம் எண்டு உங்கட குரல்தான் சொன்னது."

திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை.

ஒரே தொலைபேசியிலிருந்து காலைதோறும் ஐந்தை அமுக்கியது கணினியில் பதிவாகியிருந்தது. நான் அப்போதே பார்த்தேன். பாவிக்கத் தெரியாத கிழடு என்று நினைத்து அந்த வரிகளை அழித்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஐந்தைத் திரும்பப் போடுவதாக மட்டும் சொன்னேன்.

"போடுங்க மனே, மற்ற ஆக்களுக்கு உதவும். எனக்கு இனித் தேவைப்படாது. அவன் ஒருத்தன்தான் மிச்சமிருந்தவன்."