பதினெட்டரை

ஜனவரி 6, 2013 – ஞாயிறு

சட்டம் அமலுக்கு வந்து ஆறு நாள். இனி டெல் அவிவில் டாக்டர் சான்றிதழ் இல்லாமல் எந்த மாடலும் கேமரா முன்னால் நிற்க முடியாது. எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கு பதினெட்டரைக்குக் கீழே போனால் வேலை இல்லை. நாடாளுமன்றக் குழுவின் முன் இதற்காகத் தொண்டை வறளப் பேசிய டாக்டர்களில் நானும் ஒருத்தி.

யரோன் காலையில் கேட்டார்: "இருபது வருஷமா என்னை இளைக்கச் சொல்றே. இப்ப ஊர்ப் பொண்ணுங்களை சதை போடச் சொல்றே. ஏதாவது ஒரு பக்கம் நில்லேன்." கணவன்மார்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும்.

ஜனவரி 8

முதலில் வந்தவள் நிட்சான். இருபத்து நாலு வயது. தினமும் கடலில் நீந்துகிறாள். ரத்த அழுத்தம், நாடி எல்லாம் என்னுடையதைவிடச் சீர். கத்தரிக்காயும் முட்டையும் அடைத்த ரொட்டி ஒன்றை என் எதிரிலேயே தின்று முடித்தாள். கணக்கு: பதினெட்டு புள்ளி இரண்டு. தொள்ளாயிரம் கிராம் குறைவு.

"எங்கம்மாவும் இப்படித்தான், டாக்டர். அவங்களைச் சட்டம் ஒண்ணும் கேக்கலியே?"

கையெழுத்துப் போடவில்லை. நல்ல ஆரோக்கியமான பெண்ணை ஆரோக்கியத்தின் பேரால் வீட்டுக்கு அனுப்பினேன்.

ஜனவரி 10

லிராஸ். பத்தொன்பது வயது. ஷ்முலிக் என்ற ஏஜென்ட் அனுப்பியவள். பதினெட்டு புள்ளி ஆறு. தேறிவிட்டாள்.

ஆனால் விரல் முட்டிகளில் பல் பட்டுப் பட்டுக் காய்த்த தழும்பு. தாடையோரம் வீக்கம். நாடி நாற்பத்தாறு. தின்றதையெல்லாம் விரலை விட்டு வெளியே எடுக்கிறாள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தினமும் வாந்தி எடுக்கிறாயா என்று கேட்டேன்.

"ஃபார்ம்ல அந்தக் கேள்வி இல்லியே, டாக்டர்."

இல்லைதான். ஒரே ஒரு எண் போதும், அப்போதுதான் யாரும் ஏமாற்ற முடியாது என்று குழுவிடம் அடித்துச் சொன்னது யார்? நான்தான்.

ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் கையெழுத்து என்றேன். உடனே கையை நீட்டினாள். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 11

ஏன் போட்டேன்? மறுத்திருந்தால் வேறு டாக்டரிடம் போயிருப்பாள் — அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். சீ.

ஜனவரி 13

லிராஸின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பொட்டாசியம் இரண்டு புள்ளி ஆறு. எந்த நேரமும் இதயம் தாளம் தப்பலாம். போன் செய்தால் எடுக்கவில்லை. யாஃபா துறைமுகத்தில் படப்பிடிப்பு என்றார் ஷ்முலிக். கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

நான் கம்பளிக் கோட்டுக்குள் நடுங்குகிறேன். அவள் நீச்சல் உடையில் இன்னும் வராத கோடைகாலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளோடு தனியாகப் பேச வேண்டும் என்றேன். ஷ்முலிக் சான்றிதழை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே? அப்புறம் என்ன?"

நான் போட்ட சட்டம், நான் போட்ட கையெழுத்து.

லிராஸ் தானாகவே பக்கத்தில் வந்தாள். ரத்தத்தில் என்ன வந்திருக்கிறது என்று அவள் காதோடு சொன்னேன்.

"நேத்து மாடிப்படியில மயங்கி விழுந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல," என்றாள். பிறகு, "உங்க கோட்டைக் குடுங்க. போலாம்."

ஷ்முலிக் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். நாங்கள் காதில் வாங்கவில்லை.

பிப்ரவரி 3

லிராஸ் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். இன்று அரைத் தட்டு சோறு. என்னோடு பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

மார்ச் 12

நிட்சான் திரும்பி வந்தாள். இரண்டு மாதமாக நீச்சலை விட்டு வெண்ணெய் ரொட்டியாகத் தின்று தொள்ளாயிரம் கிராமைச் சேர்த்துவிட்டாளாம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். கையெழுத்துப் போட்டேன். சட்டத்தின் முதல் வெற்றி.

ஏப்ரல் 21

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று குழுவுக்கு எழுதித் தர வேண்டும். 'மோசமாக' என்று ஆரம்பித்தேன். ஒரே ஒரு எண் போதாது, முழுப் பரிசோதனை வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன். அப்புறம் பேனா நின்றுவிட்டது. சட்டம் துரத்தாமல் இருந்தால் லிராஸ் என் வாசலை மிதித்திருப்பாளா? அதையும் எழுதினேன்.

மாலையில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்ட அவளோடு கடற்கரைச் சாலையில் நடந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நிட்சானின் ஆளுயர விளம்பரம். இடுப்பைக் கம்ப்யூட்டரில் இளைக்க வைத்திருக்கிறார்கள். 'படம் திருத்தப்பட்டது' என்று கீழே சட்டம் கேட்கிறபடி அறிவிப்பும் இருக்கிறது. லிராஸ் சிரித்தாள். நான் பார்க்க அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை — படத்துக்காகச் சிரித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவளுக்குக் கொண்டைக்கடலை வடை அடைத்த ஒரு ஃபலாஃபெல் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றாள். மீதியை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"வேணும், டாக்டர். அப்புறம் சாப்பிடுவேன்," என்று சொல்லிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.