சமநிலைக்குக் கைதட்டியவர்கள்

நவம்பர் 11, செவ்வாய்

மூன்று நாளாக மழை. துணி காயவில்லை. பள்ளி விட்டு வந்ததும் மேசையை ஒதுக்கி உட்கார்ந்தேன். சனிக்கிழமை புந்தோங் கோயில் மண்டபத்தில் என் பேச்சு. தலைப்பு: பிரபஞ்சம் கடைசியில் என்ன ஆகும்?

ஏற்பாடு முனியாண்டி அண்ணன். கோயில் இளைஞர் மன்றத் தலைவர், வயது ஐம்பத்தாறு. "நம்ம பாஷையிலேயே பேசுங்க லா டீச்சர்" என்றார். இத்தனை வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தது மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழில் ஒரு மணி நேரம்கூட இல்லை. முடியும் என்று காட்டத்தான் ஒப்புக்கொண்டேன். பெருமைதான். இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்.

சொற்கள்:
வெப்பம். சரி.
என்ட்ரோப்பி. அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.
ஈக்விலிப்ரியம். சமநிலை. அருமையான சொல். இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டது. மச்சாள் வந்தார், என் வீட்டுக்காரருடைய அக்கா. எங்கள் பக்கம் நாத்தனார் என்போம். அவர்கள் வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு, அதனால் கல்யாணமான நாளிலிருந்து மச்சாள். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் கிடந்த என் தாளை எடுத்துப் படித்தார்.

"இதெல்லாம் உங்கட தோட்டத்துச் சனத்துக்கு விளங்குமோ? நீர் இங்கிலீஷில பேசும். எங்கட சங்கத்தில ஒழுங்கு செய்யலாம்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிந்தது. என் அப்பா அம்மா கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர்கள். நானும் அந்தச் சனம்தான். வீட்டுக்காரர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார், வழக்கம்போல. சனிக்கிழமை வந்து பாருங்கள், விளங்குகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றேன். வருகிறேன் என்றுவிட்டார். ஐயோ.

வாங்க: தேயிலை, மைக்குக்கு பேட்டரி, தலைவலி மாத்திரை.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில். தொண்டை கட்டிவிட்டது. நேற்று எழுதத் தெம்பில்லை.

மண்டபம் நிறைந்து பின்னால் நின்றுகொண்டும் கேட்டார்கள். மச்சாள் முதல் வரிசை, பட்டுப் புடவை, மடியில் கைப்பை. ஆரம்பத்திலேயே மேசைமேல் ஒரு கிளாஸ் கொதிக்கும் தேநீர் வைத்து, யாரும் தொடக்கூடாது என்றேன். பிறகு சூரியன், அடுப்பு, மோட்டார் சைக்கிள் எஞ்சின். சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்கு வெப்பம் போகிறது, போகிற வழியில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. தடங்கலே இல்லை. நானே ரசித்தேன்.

அப்புறம் அந்த வாக்கியம். "கடைசியில பிரபஞ்சம் முழுக்க சமநிலைக்கு வந்துடும்."

கைதட்டல். விசில் வேறு. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா எழுந்தார். வேலை முடிந்து நேராக வந்திருப்பார், ஜெலாப்பாங் தொழிற்சாலைச் சட்டை.

"அப்ப மேல உள்ளவன் கீழ உள்ளவன் எல்லாரும் ஒண்ணாயிடுவாங்கன்னு சயின்ஸே சொல்லுதா டீச்சர்?"

அப்போதுதான் உறைத்தது. சம உரிமை, சம வாய்ப்பு, சமநிலை. ஒவ்வொரு கட்சிக் கூட்டத்திலும் உட்கார்ந்து கேட்டுப் பழகிய காதுகள். நான் வெப்பத்தைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் நியாயம் என்று எடுத்துக்கொண்டார்கள். மச்சாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

அப்படியே விட்டிருக்கலாம், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஆனால் தப்பான விடைக்கு நான் மார்க் போட்டதில்லை. இது அந்தச் சமநிலை இல்லை அக்கா என்றேன். எல்லா இடமும் ஒரே சூடாகிவிடும், அதற்குப் பிறகு எதுவுமே நடக்காது, சாவு மாதிரி. கிளாஸை அவரிடம் கொடுத்தேன். தொட்டுப் பார்த்தார். ஆறிப் போயிருந்தது. மண்டபமும்தான்.

முனியாண்டி அண்ணன் காப்பாற்ற வந்தார், இது எப்போது நடக்கும் என்று. அதற்கு முன்னால் ஜெலாப்பாங் ரோட்டு டிராபிக் ஜாம்கூடத் தீர்ந்துவிடும் என்றேன். சிரித்தார்கள். கண்டிப்பாக நடக்குமா என்று பின்னாலிருந்து ஒரு குரல். நல்ல கேள்வி. பெரும்பாலான விஞ்ஞானிகள் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, அந்தக் கடைசி நிலையைத் தொடுமா, நெருங்கிக்கொண்டே மட்டும் இருக்குமா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது என்றேன்.

மச்சாள் எழுந்தார். அவருக்கு மைக் தேவையில்லை.

"அப்ப மேல் கீழ் இருந்தால்தான் உலகம் இயங்கும் எண்டு சொல்லுறீர். அப்பிடித்தானே?"

அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்த்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்குப் பேச்சு தெளிவாக வரும்.

"வித்தியாசம் இருந்தா மட்டும் பத்தாது மச்சாள். சூடு மேலேயே உக்காந்திருந்தா ஒரு வேலையும் நடக்காது. எறங்கி வந்தாத்தான் நடக்கும்."

பிறகு அந்த அக்கா கிளாஸைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்று தட்டினார். பின்னாலேயே மண்டபம். இந்தத் தடவை சரியான விடைக்கு.

கறாராகப் பார்த்தால் நானும் வெப்பத்தில் நியாயத்தைக் கலந்துவிட்டேன். மாணவன் எழுதியிருந்தால் அரை மார்க் வெட்டியிருப்பேன். பரவாயில்லை. அவர்களுக்கு விளங்கியது. தமிழில் விளங்கியது. நான் விளக்கினேன். அம்மா சொல்வது போல நெஞ்சு நிமிர்ந்துதான் காரில் ஏறினேன்.

மச்சாள் பின் சீட்டில் வழி நெடுகக் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே வந்தார். அவரை இறக்கிவிட்ட பிறகு இவர், "நல்லாத்தான் கதைச்சீர்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு நான் வாங்கிய மிகப் பெரிய பாராட்டு.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி மழை. திருத்த வேண்டிய தாள் ஒரு கட்டு. தேயிலை மீதி இருக்கிறது.

சாயங்காலம் மச்சாள் போன். அவர்கள் சங்கத்திலும் இதே பேச்சைப் பேச வேண்டுமாம். தமிழிலேயே பேசலாமாம். எங்கட ஆக்களும் கேக்கட்டும் என்றார்.

"பேசறேன் மச்சாள். ஆனா புந்தோங்லதான் பேசுவேன். உங்க ஆளுங்கள எறங்கி வரச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் மச்சாள் பேனா தேடும் சத்தம்.

"அங்க கார் விட இடம் இருக்கோ?"