ஒரு டின் மிச்சம்

3-9-1973, திங்கள்

மதராஸ் படகின் காலை இன்று மூன்றாம் தடவையாகக் கழற்றினேன். எஞ்சின் படகுக்குள் இருக்கிறது. படகின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே தண்ணீரில் தொங்கும் பல்சக்கரப் பெட்டியும் விசிறியும் சேர்ந்ததற்குத்தான் கால் என்று பெயர். கடலில் பத்து வருஷம் ஓடிச் சாகக் கிடந்த படகை ஏலத்தில் எடுத்து, லாரியில் கட்டி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் இந்த நாகமரைக் கரையில் இறக்கிவிட்டு, "அருள்சாமி, பாத்துக்கய்யா" என்கிறார் எங்கள் இன்ஜினியர். எதைப் பார்ப்பது? உப்புத் தின்ற அலுமினியம் கை பட்டாலே உதிர்கிறது.

காலைக் காட்டி, "இது ஸ்டியரிங்கா?" என்று கேட்டார். காலைத் திருப்பினால்தான் படகு திரும்பும் என்பதால் அதுவும் சரிதான். ஆனால் தெரிந்து கேட்ட கேள்வி இல்லை அது. படித்து வாங்கிய பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார் போலிருக்கிறது.

15-9-1973, சனி

புது மாடல் பல்சக்கரம் கொச்சியிலிருந்து வந்துவிட்டது. கூடவே பின்சுவர் ஓட்டையில் தண்ணீர் ஏறாமல் அடைக்கிற மடிப்பு ரப்பர், கியர் ஆயில் இரண்டு டின், மாட்டும் விதம் போட்ட ஒரு இங்கிலீஷ் புத்தகம். பழசைத் தூக்கிவிட்டுப் புதுசு போடலாம் என்று நான் எழுதிப்போட்டு ஆறு மாதம் ஆகிறது. இன்று இன்ஜினியர் தன் யோசனை மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ராஜமேரி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் எறும்பு சர்க்கரையைக் கண்ட மாதிரி வந்துவிடுவாள். "ஏங்க, நான் வேணா படிச்சுச் சொல்லட்டுங்களா?"

ஜீப்பு, லாரி, ரோடு ரோலர் எல்லாம் புத்தகம் படித்தா பிரித்தேன் என்று கேட்டேன்.

"தையல் மெசினையும் அப்படித்தான் பிரிச்சீங்க. அதோட ஸ்க்ரூ ஒண்ணு இன்னும் பவுடர் டப்பாவுல கெடக்குது."

பெண்பிள்ளைக்கு டீச்சர் வேலை கொடுத்தது யார் என்று தெரியவில்லை. புத்தகத்தை ஆடுகிற கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டேன்.

18-9-1973, செவ்வாய்

வேலை முடிந்தது. பல்சக்கரம் அச்சாக உட்கார்ந்தது. மடிப்பு ரப்பரை மாட்டுவதற்குள் கை விரல் மூன்றில் தோல் போயிற்று. வேலை முழுக்க எனக்கு உதவிக்கு நின்றது தினக்கூலி மாதப்பன். என் வயசுதான் இருக்கும். பரிசல்காரன். இவனுக்கு ஸ்பேனரைக் கொடுத்தால் துடுப்பு மாதிரி பிடிக்கிறான்.

கடைசியாக எண்ணெய். ஜீப்பின் கியர்ப் பெட்டிக்கு ஊற்றுகிற மாதிரி மேல் ஓட்டையில் புனல் வைத்து ஊற்றினேன். ஒரு டின் போனதும் ததும்பிவிட்டது. நிறைந்தாயிற்று. மாதப்பன் தலையைச் சொறிந்தான். "மேஸ்திரிங்க, ஒரு டின்னு அப்படியே நிக்குதுங்களே. ரெண்டும் இதுக்குன்னுதானே அனுப்பியிருப்பாங்க?"

"உன் பரிசலுக்கு எத்தனை டின் ஊத்துவே?" என்றேன். துறையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, மேலேயும் கீழேயும் இருக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினான்.

மிச்ச டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சைக்கிள் செயினுக்கு ஆச்சு, கதவுக் கீலுக்கு ஆச்சு.

20-9-1973, வியாழன்

ஓடியது பார், ஓட்டம்! அக்கரைக்குப் பாதி நேரம்தான். இன்ஜினியர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். காலைச் சரிசெய்த நான் பின்னால் நின்றேன்.

25-9-1973, செவ்வாய்

சந்தை நாள். இருபது பேர், கோழிக்கூடை, இரண்டு ஆடு. நட்டாற்றில் பின்னாலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கடகடவென்று ஒரு அடி, அவ்வளவுதான். எஞ்சின் ஓடுகிறது, விசிறி சுற்றவில்லை. காற்று படகை அதன் இஷ்டத்துக்குத் திருப்புகிறது. பெண்கள் கத்துகிறார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "தள்ளுறதுக்கு எறங்கட்டுமாப்பா?" என்று கேட்கிறார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாதப்பன் பக்கம் திரும்பிக் கத்தினேன். "தண்ணி போட்டுட்டு ஸ்க்ரூ முடுக்கினியாடா? எண்ணெயெல்லாம் ஒழுகிப்போச்சு பாரு. குடிகாரப் பய!"

அவன் குடிக்கிறவன் இல்லை. அது எனக்குத் தெரியும். வாயில் வந்துவிட்டது. அவன் தண்ணீரில் குதித்து நீந்திப்போய், பரிசல்களைக் கூட்டிவந்து எங்களைக் கரை சேர்த்தான்.

28-9-1973, வெள்ளி

இன்ஜினியர் கேட்டார். கூலியாள் ஸ்க்ரூவைச் சரியாக முடுக்கவில்லை என்று சொன்னேன். "குடிச்சிருந்தானாமே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததை அவர் ஆமாம் என்று எழுதிக்கொண்டார். கூலிப் பட்டியலில் மாதப்பன் பெயரை அடித்தாயிற்று.

இதற்கெல்லாம் இன்ஜினியர் பேனா எவ்வளவு வேகமாக ஓடுகிறது! பழைய பல்சக்கரத்தையாவது மாட்டிக்கொள்கிறேன், காலைப் பிரிக்க உத்தரவு கொடுங்கள் என்றால் மட்டும் மசி காய்ந்துவிடுகிறது.

6-10-1973, சனி

மாதப்பன் மனைவி பாஞ்சாலி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று ராஜமேரி கூப்பிட்டும் வரவில்லை.

"கூலி போனா போவுதுங்க. பரிசல் இருக்குது, தள்ளிக்கலாம்னு பாத்தோம். ஒரு ஆளு ஏறமாட்டேங்குது. குடிகாரன் பரிசல்ல புள்ளகுட்டிய ஏத்தறதான்னு கேக்கறாங்க. அடுத்த பரிசலு வர்றவரைக்கும் வெயில்ல நின்னாலும் நிக்கறாங்க, எங்க வூட்டுக்காரரு பரிசல்ல காலு வெக்க மாட்டேங்கறாங்க. அவரு வாயில சொட்டு ஊத்தி நீங்க பாத்தீங்களா?"

இலாகா விஷயம், எனக்கொன்றும் தெரியாது என்றேன். "சரிங்க" என்று போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு ராஜமேரி போய்ப் படுத்துக்கொண்டாள்.

10-10-1973, புதன்

உத்தரவு வந்து காலைப் பிரித்தேன். மேல் பல்சக்கரம் நீலம் பாய்ந்து, பல் பாதி இல்லை. சொட்டு எண்ணெய் பட்ட அடையாளம் இல்லை. ஆனால் அடிப் பெட்டியில் எண்ணெய் இருக்கிறது. ஸ்க்ரூ இரண்டும் அவன் முடுக்கிய இடத்திலேயே இருக்கின்றன, வாஷரோடு. அதைக் கழற்ற நான் ஸ்பேனரில் குழாய் போட்டுத் தொங்க வேண்டியிருந்தது.

அப்படியானால் எண்ணெய் எங்கே ஒழுகியது? ஒழுகவே இல்லையா? பின்னே?

யாரும் பார்க்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

12-10-1973, வெள்ளி

கட்டில் காலுக்கடியிலிருந்து புத்தகத்தை எடுத்து ராஜமேரியிடம் கொடுத்தேன். எண்ணெய் பற்றி எங்கே போட்டிருக்கிறது என்று மட்டும் பார், வேறெதுவும் படிக்காதே என்றேன். அப்போதும் வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை.

விரல் வைத்துப் படித்தாள். "அடி ஓட்டையில பம்பு வெச்சு ஏத்தணுமாம். மேல் ஓட்டையில எண்ணெய் வர்ற வரைக்கும். மேலேயிருந்து ஊத்தக்கூடாதாம், உள்ளே காத்து நின்னுக்குமாம். பாத்தா நெறஞ்ச மாதிரி இருக்குமாம், ஓடினதும் எண்ணெய் கீழே எறங்கி மேல் சக்கரம் காஞ்சு போயிடுமாம்." பக்கத்தைத் திருப்பினாள். "ரெண்டு டின்னும் புடிக்கும்னு போட்டிருக்குது."

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். கீல் சத்தமே போடவில்லை. அவ்வளவு எண்ணெய்.

13-10-1973, சனி

நான்தான்.

14-10-1973, ஞாயிறு

மிஷன் கோயிலில் தப்பையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியாருக்குக் கியர் ஆயில் என்றால் என்னவென்றே தெரியாது. மன்னித்துவிட்டார். இவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கிடைத்தால் ஊரில் எவன்தான் உருப்படுவான்?

17-10-1973, புதன்

தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்தேன். எண்ணெய் ஊற்றியது நான், தப்பு என்னுடையது, ஸ்க்ரூ சரியாகத்தான் இருந்தது, மாதப்பன் குடிப்பதில்லை.

இன்ஜினியர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ரிப்போர்ட்டை மேலே அனுப்பிட்டேனேய்யா. இப்போ இது வேறன்னு எழுதினா என்னையில்ல மடையன்னு நினைப்பாங்க?" அதுதான் அவர் கவலை. நான் சிரிக்கப் போனேன். மூன்று வாரமாக என் கவலையும் அதேதான் என்று உறைத்தது. சிரிப்பு வரவில்லை.

அனுப்பாவிட்டால் தருமபுரி மேலாபீசுக்கு நானே பஸ் ஏறிப் போய்க் கொடுப்பேன் என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

29-10-1973, திங்கள்

எனக்கு மெமோ. இன்கிரிமென்ட் நிறுத்தம். மாதப்பனைத் திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவு. அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய மனுஷத்தனம் செய்கிற நினைப்பு.

பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கவில்லை. கையெல்லாம் தார் என்றான்.

"எழுதிக் குடுத்தீங்க, சரிங்க. அதை ஆபீசுல நாலு பேரு படிப்பாங்க. நீங்க ஆத்து நடுவுல சொன்னதை இருவது பேரு கேட்டாங்க. அவங்க அக்கரையில போயி எத்தனை பேருகிட்ட சொன்னாங்களோ. அந்தப் பேப்பரை அவங்க படிப்பாங்களா, மேஸ்திரிங்க?"

நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்டேன்.

"நான் என்னத்த சொல்றதுங்க." பிரஷ்ஷைத் தாரில் முக்கினான்.

வரும் வழியெல்லாம் ஆத்திரம். எழுதிக்கொடுத்தாயிற்று, இன்கிரிமென்ட் போயிற்று, இன்னும் என்ன, காலில் விழ வேண்டுமா? இவன் யார்? பரிசல்காரனுக்கு இவ்வளவு ரோஷமா? வீட்டுக்கு வந்து இதை அப்படியே ராஜமேரியிடம் சொன்னேன். "ஏங்க, ரோஷம் மெக்கானிக்குக்கு மட்டுந்தானா?" என்றாள்.

3-11-1973, சனி

பழைய பல்சக்கரத்தையே திரும்ப மாட்டினேன். புதிதாக வாங்கிய எண்ணெயை அடியிலிருந்து பம்பு வைத்து ஏற்றினேன். இரண்டு டின்னும் பிடித்தது.

6-11-1973, செவ்வாய்

சந்தை நாள். காலையில் துறையில் நல்ல கூட்டம். பாதிப் பேர் அன்றைக்குப் படகில் இருந்தவர்கள். மாதப்பன் பரிசல் ஓரமாகக் காலியாகக் கிடந்தது. அவன் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பாஞ்சாலி கீரைக்கட்டுகளோடு பக்கத்தில் நின்றாள்.

ஏறச் சொல்லுவேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் படகின் முன்பலகையில் ஏறி நின்றேன். சொன்னேன். அன்றைக்குப் படகு நின்றது என்னால். எண்ணெய் ஊற்றத் தெரியாமல் ஊற்றினேன். மாதப்பன் சொன்னான், நான் கேட்கவில்லை. அவன் குடிக்கவில்லை. குடித்தான் என்று நான் சொன்னது பொய்.

அந்தக் கிழவர் "அட!" என்றார். சரி, முடிந்தது என்று கீழே இறங்கக் காலை எடுத்தேன்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க" என்றாள் பாஞ்சாலி. "இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க."

காலைத் திரும்ப மேலே வைத்தேன். அன்றைக்கு ஆற்றில் கத்தியதைவிடச் சத்தமாகச் சொன்னேன்.