தனேஷ் சொல்லப் போகும் பொய்

கிள்ளான்

அன்பு மகள் தாமரைக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்த வீட்டில் இன்றைக்கு நலமாக இருப்பது வாசலில் நிற்கும் கறிவேப்பிலை மரம் ஒன்றுதான். நீ அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் டூட்டி முடிந்து வந்தால் தூங்குகிறாயா? தினமும் வாட்சப்பில் இதையே கேட்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தம்பி குருவைப் பற்றி. இப்போது ஊன்றுகோல் இல்லாமல் பாத்ரூம்கூடப் போக முடியவில்லை. காலில் இருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் அவன்பாட்டுக்கு நடந்து போவான், கவனமில்லாத பயல் என்று நாமெல்லாம் திட்டுவோமே, அது நோய் என்று யார் கண்டது? இங்கே பக்கத்தில் மேருவில் பார்த்த ஃபேக்டரி வேலையையும் விட்டாயிற்று. போன வாரம் அப்பா அவனைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார். மீசை வைத்த பிள்ளை, அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "சாரிப்பா" என்றான். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் விவரமாகக் கேட்டேன். உடம்பில் உண்டாகிற புரோட்டீன் எல்லாம் ஒழுங்காக மடிப்பு மடிப்பாக மடிந்தால்தான் வேலை செய்யுமாம். தானாக மடியத் தெரியாததற்குக் கூடவே நின்று கைகொடுக்க வேறு புரோட்டீன் இருக்கிறதாம், சேலை கட்டும்போது கீழே உட்கார்ந்து கொசுவத்தைப் பிடித்து விடுகிற ஆள் மாதிரி என்று அவரே சொன்னார். அந்த ஆளை உண்டாக்குகிற ஜீன்தான் குருவுக்குக் கெட்டிருக்கிறது. பெயர் டிஎன்ஏஜேபி டூவாம், பெயர் வைத்தவனுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லை போல. சரியாக மடியாததெல்லாம் காலுக்குப் போகிற நரம்பில் குப்பையாகச் சேர்ந்து நரம்பையே கெடுத்துவிடுகிறதாம். மருந்து என்றேன். "இன்னும் இல்லம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட ஜீன் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது, இரண்டு சேர்ந்தால் இப்படி. அப்பாவிடமிருந்து ஒன்று, என்னிடமிருந்து ஒன்று. நான் அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள் அல்லவா, தெரியாத இடத்தில் பெண் எடுத்தால் என்ன நோய் நொடி இருக்குமோ, நம்ம ரத்தம் என்றால் பயமில்லை என்று சொல்லித்தான் எங்களைக் கட்டி வைத்தார்கள். அதே பேச்சைப் பேசித்தான் போன தையில் உனக்கும் தனேஷுக்கும் பரிசம் போட்டோம்.

நீ அங்கே சோதனைக்கு ரத்தம் கொடுத்து, உனக்கும் கெட்டது ஒன்று இருக்கிறது என்று சொன்னதும், தனேஷும் பார்த்துக்கொள்ளட்டும் என்று உன் அத்தை சீதாலெட்சுமியிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். "எம்புள்ளைக்கு என்ன கொற? அது ஒங்க வீட்டு நோவு லா, எங்க வீட்டுல கெடையாது" என்றாள், உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. எங்க வீடு உங்க வீடு என்று பிரிக்க இதில் என்ன இருக்கிறது, அவள் அப்பா கூடப் பிறந்தவள், இரண்டும் ஒரே வீடுதானே!

தனேஷ் அவளிடம் சொல்லாமல் போய் ரத்தம் கொடுத்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை ஜெஞ்சாரோமில் வேலை முடிந்து நேரே இங்கே வந்தான். குருவுக்குப் பிடிக்கும் என்று கடலை தூவி மடித்த அப்பம் பாலிக் வாங்கி வந்து, அவனோடு உட்கார்ந்து காற்பந்து பார்த்துவிட்டு, பிறகு அடுப்படிக்கு வந்து, "அத்தே, எனக்கும் இருக்கு" என்றான். ஆமாம் கண்ணு, உங்கள் இருவருக்குமே இருக்கிறது. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் குருவைப் போல ஆக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறதாம். முன்கூட்டியே சோதித்து நல்ல கருவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். பக்கத்து அறையில் குருவைப் படுக்க வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை நான் எப்படிப் பேசுவேன்?

இதை அவன் உன்னிடம் சொல்லமாட்டான். தெரிந்தால் பிள்ளையே வேண்டாம் என்று சொல்லியாவது நீ அவனைக் கட்டிக்கொள்வாய் என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஆபீசில் வேறொரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டதாக உன்னிடம் சொல்லப் போகிறானாம். "அவ ஒங்களத்தான் கேப்பா அத்தே, நீங்களும் ஆமான்னு சொல்லிடுங்க. வெறுத்துட்டா சீக்கிரம் மறந்துருவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். சரி என்று தலையாட்டித்தான் அனுப்பினேன். என்னால் முடியவில்லை தாமரை. உனக்காக இப்படி ஒரு கெட்ட பெயரை வாங்கிக்கொள்கிறவனை நீ கேவலமாக நினைப்பதை நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். கட்டிக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் எடுத்த கூறைச் சேலை இருக்கிற அலமாரியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. விளக்கை ஏற்றிவிட்டு, சாமியிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல் சும்மா நிற்கிறேன்.

தீர்க்காயுசாகப் பிள்ளை குட்டியோடு நல்லா இரு என்றுதான் உனக்கு எப்போதும் எழுதுவேன். இன்றைக்குத் தீர்க்காயுசாக இரு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் பிறந்தநாள் கெட்டுவிடக் கூடாது என்று அது முடிந்த பிறகுதான் தனேஷ் போன் பண்ணுவான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, தடுமாறுவான். முழுதும் சொல்லி முடிக்கட்டும், விடு. பிறகு சாப்பிட்டாயா என்று கேள், ரொம்ப இளைத்துவிட்டான்.

உன் அம்மா,
மாதவி