நான் அழித்த உன் ஒரு வரி

மையத்தில் என் மேசைமேல் ஒரு கடிதம் கிடக்கிறது. மடித்த இடத்தில் மீன் வாடை. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் மங்கை நேற்று என் முன் வைத்துவிட்டுப் போனது. நம் டயாலிசிஸ் மையம் அவளுக்கு அனுப்பியதுதான்: உங்கள் இடம் பதினைந்தாம் தேதி வரை, அதற்குள் வந்து புதுப்பிக்கவும். அவள் பதினைந்தாம் தேதி காலையிலேயே வந்தாள். அவள் இடமோ பதினான்கோடு முடிந்து, வேறொருவருக்குப் போயிருந்தது.

தப்பு என்னுடையதடி. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஓய்வு பெற்றபின் நாம் இருவரும் அந்த மையத்துக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். நான் கணக்கு டீச்சர், நீ கம்ப்யூட்டர் டீச்சர். தொடக்கம், முடிவு என்று இரண்டு தேதிகளாக வைக்காமல், ஒருவரின் காலத்தை 'இதிலிருந்து இதுவரை' என்று ஒரே வீச்சாகத் தரவுத்தளத்தில் வைக்கலாம் என்று காட்டினாய். ஒரே நாற்காலிக்கு இருவர் காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தரவுத்தளமே மறுத்துவிடும். அந்த வீச்சை நம் நிரலுக்குப் புரியும்படி எடுத்துத் தர லைப்ரரி என்று ஒரு சின்ன நிரல்தொகுப்பும் எழுதினாய்.

"பதினாலு வரைக்கும்னு குடுத்தா, இந்த டேட்டாபேஸ் பதினஞ்சுக்கு முன்னாடி வரைக்கும்னு எழுதிக்குதுடி. நாமதான் ஒரு நாளக் கொறச்சு, பதினாலுன்னு காட்டணும்."

"ஏன் அப்படி?"

"பத்து மணிக்கு உன் பீரியடு முடியுது, என்னுது ஆரம்பிக்குது. அந்தப் பத்து மணி யாருக்கு?"

"எனக்கு."

"நோன், நோன். இல்லவே இல்லடி, அது எனக்கு. நீதான் மணி அடிச்சும் வெளிய வரமாட்டியே."

புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

நீ கண்மூடிய மூன்றாம் மாதம், தரவுத்தளத்தில் பதினைந்து, அச்சில் பதினான்கு என்றிருப்பதைக் கண்டேன். ஒரு நாளைக் கழிக்கும் உன் வரி கண்ணில் பட்டது. அதன் மேலே, எனக்காகவே, தமிழில் எழுதியிருந்தாய்: 'இதைத் தொடுமுன் என்னைக் கேள்.' கேட்க நீ இல்லை. ஆயுள் முழுக்க நோட்டு திருத்திய கை, அழித்துவிட்டது. நீயும் தப்பு செய்வாய் என்று அன்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்ததடி. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நேற்று மங்கையின் கால்கள் வீங்கியிருந்தன. "டீச்சர், இதுல பதினஞ்சுன்னுதான போட்டுக்குது? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சுட்டாங்களா?" என்றாள். உள்ளே அவள் நாற்காலியில் இருந்தவரை எழுப்ப முடியுமா? அவரும் பிழைக்க வந்தவர். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் சிஸ்டர்.

உன் வரியை மறுபடி எழுதிவிட்டேன். ஆனால் போன கடிதங்கள் போனவைதானே. காலையிலிருந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, ஒரு நாள் முன்னாடியே வாருங்கள் என்கிறேன். மங்கையின் மகளையும் கூப்பிட்டேன்.

"அம்மா இன்னும் ஆஸ்பத்திரி வராந்தாலதான் ஒக்காந்துனுக்குது, டீச்சர். மூச்சு வாங்குது. இங்க வரிசை நவுரவே இல்ல. அங்கயே இட்டுனு வரட்டுமா?"

"வாம்மா" என்றேன்.

யார் நாற்காலியில் உட்கார வைப்பேன் என்று எனக்குத் தெரியாது. சிஸ்டரிடம் இன்னும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துவிட்டார்களாம்; நான் வாசலுக்குப் போகிறேன்.