ஜொகராவுக்கு வந்த கப்பல் கடிதம்

கடல் உப்புக் காயாத கையால் எங்களுக்குச் சோறு பிசைந்து போட்ட அப்பாவுக்கு,

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்கு மறுபடியும் கப்பல் விட்டிருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டியது அது மட்டுமில்லை.

ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே நீங்கள் மூட்டை தூக்கிய கப்பலில் ஒரு காலம் சேலைக்கட்டும் கல்யாணக் கூட்டமுமாகப் போய்வந்தார்கள். இலங்கையில் சண்டை வந்த பிறகு போகும்போது காலி, வரும்போது நிற்க இடமில்லை. அப்போதும் உங்களை நம்பிக் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். வாங்கியவர் உறையின் வாயைக் கிழித்து, அந்தத் துண்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அடுத்த நடையில் அதை அனுப்பியவரிடம் காட்டுவீர்கள்.

லீவில் வந்திருந்தபோது அப்படி ஒன்றை என்னிடம் தந்தீர்கள். தலைமன்னாரிலிருந்து மதுரை கோரிப்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஜொகராவுக்கு அவருடைய உம்மா எழுதியது. நான் வழியில் ஆரப்பாளையத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, சேக்காளிகளோடு சினிமாவுக்குப் போய்விட்டேன். மறுநாள் கிளம்பும் அவசரத்தில் கையெழுத்து எங்கே என்று கேட்டீர்கள். உறையைக் கிழித்து நானே 'ஜொகரா' என்று எழுதித் தந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. த்தூ, நானெல்லாம் ஒரு மனுசன்!

அடுத்த முறை வந்து கேட்டீர்களே. "ஏண்டா, அந்தம்மா ஒவ்வொரு கப்பலுக்கும் வந்து நிக்குது. நெசமாவே மக கையிலதான் குடுத்தியா?"

"குடுத்தேம்ப்பா" என்றேன். நம்பிவிட்டீர்கள். இனிமேல் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்று கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கொஞ்ச நாளில் கப்பலே நின்றுபோனது. நீங்கள் கண்ணை மூடும் வரை உங்களிடம் நான் வாய் திறக்கவில்லை. ஏன் அப்பா, ஒரு தடவை சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா?

போன வாரம் கோரிப்பாளையத்துக்குப் போனேன். ஜொகராக்காவுக்கு எழுபது வயது இருக்கும். எல்லாவற்றையும் சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன். வாப்பாவுக்குச் சுகமில்லை, கப்பல் நிற்பதற்குள் ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று எழுதியிருந்தது. வாசித்து முடித்து, கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"உம்மா என்னையக் கூப்பிட்டுச்சா தம்பி? கூப்பிடவே இல்லைன்னுல்ல இம்புட்டு வருஷமாக் கோவமா இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. நான் தலையைத் தூக்கவே இல்லை. அந்தம்மா தலைமன்னார் மையவாடி மண்ணில் அடங்கி வெகு காலமாகிறதாம். பிறகு அவரே உறையின் மூலையைக் கிழித்து, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். இறங்கி, பஸ் பிடித்துத் தலைமன்னார் போவேன். அந்தம்மாவிடம் கையெழுத்தைக் காட்டிவிட்டு வாரேன், அப்பா.

உங்களையும் பொய்யராக்கிய மூத்த மகன்,
செல்வம்
திருநகர், மதுரை